இட்லிப்பூச் செடிக்கு அடுத்து எதை வாங்குவது?

கேள்வி: சுற்றுச்சுவரை ஒட்டி ஐந்து இட்லிப்பூச் செடிகள் வைத்தோம். நர்சரியில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தவை, எட்டே மாதத்தில் வெளிறிப்போய் நிற்கின்றன. ஊற்றுவது போர்வெல் தண்ணீர். உரக்கடையில் முதலில் 19:19:19 கொடுத்தார்கள், பிறகு ‘முப்பது நாளில் பூக்கும்’ என்று ஒரு டானிக். இரண்டாலும் பயனில்லை. அடுத்து எதை வாங்குவது? டானிக் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: கடைக்குக் கிளம்பும் முன் ஒரு கிளை நுனியைப் பாருங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்தோ மக்னீசியமோ போதவில்லை. உங்களுடையது முதல் வகையாகத்தான் இருக்கும். இட்லிப்பூ அமிலத்தன்மையுள்ள மண்ணில் செழிப்பது. உங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு மண், கடின நீர், போதாததற்குச் சுவர்ப்பூச்சிலிருந்து இறங்கும் சிமெண்டு எல்லாம் சேர்ந்தால், மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிட்டாது. 19:19:19 தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தருமே தவிர இரும்பைத் தராது. மணிச்சத்து மிகுந்தால் இரும்பு இன்னும் முடங்கும்.

வாங்க வேண்டியது அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட். மலிவான சரக்கு, அதனாலோ என்னவோ, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். வெளிர்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் காற்றுப்பட்டுக் கெட்டது, வாங்காதீர்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாதம் ஒருமுறை மாலையில் இலைகளில் தெளியுங்கள். போர்வெல் நீரில் கரைத்தால் சற்று நேரத்தில் துருநிறமாகிவிடும், மழைநீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ நல்லது. டைல்ஸில் பட்டால் கறை லேசில் போகாது.

அன்னபேதியை மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதை முடக்கிவிடும். மண்ணில் இடுவதற்குக் ‘கீலேட்’ இரும்பு, அதாவது எளிதில் முடங்காதபடி வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு உண்டு, விலை கூடுதல். உறையில் இ.டி.டி.ஏ. (EDTA) என்றிருந்தால் அது தெளிக்கத்தான் சரி. சுண்ணாம்பு மண்ணில் நிற்பது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை. எழுத்துகளைச் சரிபார்த்து வாங்குங்கள்.

மக்கிய இலையுரம் போடுங்கள். சுவரை ஒட்டியே நிற்பவற்றை மழைக்காலத்தில் இரண்டடி தள்ளி நடலாம். இன்னொன்று: கொத்து வருவது கிளை நுனியில். மாதாமாதம் வேலிபோல் மட்டமாக வெட்டினால் மொட்டும் சேர்ந்து போகும். ஒரு சுற்றுப் பூத்து முடிந்தபின் லேசாகக் கத்தரித்தால் போதும்.

டானிக் பணத்தைக் கேட்கலாம், பில் இருந்தால். பாட்டிலில் என்ன சத்து, எத்தனை சதவீதம் என்றே இல்லையென்றால் உங்கள் பக்கம் வலு அதிகம். லேபிளையும் அந்த ‘முப்பது நாள்’ வாசகத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கடையில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். செடிகளுக்காகக் கொடுத்த பணத்தைக் கேட்பது வீண். நர்சரியிலிருந்து வந்தபோது அவை நன்றாகத்தானே இருந்தன?