படிப்பில் மனம் செல்லாதபோது – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நான் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் திருக்கோவில். உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவள். அப்போது யாரும் எழுப்பாமலே அதிகாலை நான்கு மணிக்கு எழும்பிப் படித்தேன். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகத்துக்குள் வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இங்கு வந்தபின் மேசைக்கு முன்னால் இருந்தாலும் மனம் செல்வதில்லை. விரிவுரைக் குறிப்புகளை மஞ்சள் மையால் கோடிட்டு இரண்டு மூன்று முறை வாசிக்கிறேன். வாசிக்கும்போது எல்லாம் விளங்கியதுபோல் இருக்கிறது. பரீட்சை மண்டபத்தில் கை ஓடுவதில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் ஒரு பக்கத்தைக் கடக்கவே நெடுநேரம் எடுக்கிறது. பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது சீனியர் அக்காமார் எடுக்கும் குப்பி வகுப்பை நம்பித்தான் இருக்கிறேன். கடந்த செமஸ்டரில் இரண்டு பாடங்கள் ரிப்பீட் ஆகிவிட்டன. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அப்பா வயலையும் ஒரு சிறு கடையையும் வைத்துத்தான் எங்களைப் படிப்பிக்கிறார். யூடியூபில் ஊக்க உரைகளைக் கேட்கும்போது உற்சாகம் வருகிறது. அடுத்த நாள் காலையில் அது இல்லை. எனக்கு ஊக்கமே இல்லாமற் போய்விட்டதா, அல்லது பல்கலைக்கழகப் படிப்புக்கு நான் தகுதியற்றவளா?

— இரண்டாம் வருட மாணவி, வந்தாறுமூலை

அன்பின் மகளுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பல்கலைக்கழகப் படிப்புக்கு நீங்கள் தகுதியற்றவர் என்று காட்டும் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. வாசிக்கும்போது விளங்கியதுபோல் இருந்தும் எழுத முடியவில்லை என்பதை நீங்களே கவனித்திருக்கிறீர்கள். உங்கள் சிக்கலின் வேர் அந்த வரியில்தான் இருக்கிறது. ஊக்கம் குறைந்ததால் படிப்பு ஓடவில்லை என்று கருதுகிறீர்கள். நான் அதை மறுதலையாகப் பார்க்கிறேன். படிக்கும் முறை பலன் தராததால் ஊக்கம் வடிந்திருக்கிறது.

உயர்தர காலத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு மணிக்கு எழுந்தது உங்கள் முயற்சிதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த நான்கு மணியைச் சுற்றி எவ்வளவு பெரிய ஏற்பாடு இருந்தது என்பதையும் காண வேண்டும். எந்த அலகை எந்த வாரம் படிப்பது என்பதைப் பாடசாலையும் ரியூசன் ஆசிரியர்களும் தீர்மானித்தார்கள், அலகு முடிந்ததும் சோதனை வைத்தார்கள், விடைத்தாளில் சிவப்பு மையால் பிழைகளைச் சுட்டினார்கள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் எந்நேரமும் கண்முன் நின்றன. வீட்டார் உங்களுக்காகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடக் குறைத்திருப்பார்கள். பரீட்சைக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையிலான அந்த நீண்ட காத்திருப்பில் பழக்கம் குலைந்தது, இங்கு வந்தபோது அந்த ஏற்பாடும் இல்லை. நீங்கள் இழந்தது இவைதான். இவற்றை இனி உங்கள் கையால் மீண்டும் அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அது முடியக்கூடிய காரியம்.

மனித ஊக்கத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும், ஒருவர் தாமாகவே ஒரு செயலில் ஈடுபட மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்: இது என் விருப்பத்தால் செய்வது என்ற உணர்வு, என்னால் இது முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு சேர்ந்திருக்கிறேன் என்ற உணர்வு. ஊக்க உரை உற்சாகத்தைத் தரலாம், ஆனால் முடிகிறது என்ற உணர்வை அதனால் தர முடியாது. நேற்று அறியாத ஒன்றை இன்று எழுதிக் காட்டிய கைக்குத்தான் அந்த உணர்வு கிட்டும். அதனால்தான் உங்கள் உற்சாகம் விடியும்வரைகூட நிற்பதில்லை.

இங்கே உங்கள் மஞ்சள் கோடுகளுக்கு வருகிறேன். ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் என்ற உளவியலாளர் இருவர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு சிறு உரைநடைப் பகுதிகளைப் படித்தார்கள்; ஒன்றை இன்னொரு தடவை வாசித்தார்கள், மற்றதைத் தாளைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் வாசித்த பகுதியில் 81 சதவீதமும் நினைவிலிருந்து எழுதிய பகுதியில் 75 சதவீதமும் நினைவில் இருந்தன. ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழாயிற்று: மீண்டும் வாசித்ததில் 42, நினைவிலிருந்து எழுதியதில் 56. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள்; ஒரு வாரத்தின் பின் அவர்களே பின்தங்கினார்கள். விளங்கியதுபோல் இருக்கிறது என்று நீங்கள் எழுதியது இந்த நம்பிக்கையைத்தான். ஒரு பக்கம் கண்ணுக்குப் பழகிவிட்டால் மனம் அதை அறிவு என்று எண்ணிக்கொள்கிறது. உளவியலாளர் ஜோன் டன்லொஸ்கியும் அவரது சகாக்களும் 2013இல் பத்துக் கற்றல் உத்திகளை மதிப்பிட்டபோது கோடிடுதலையும் மறுவாசிப்பையும் குறைந்த பயன் உள்ளவை என்றும், தன்னைத் தானே சோதித்தலையும் நாள் இடைவெளி விட்டுப் படித்தலையும் உயர்ந்த பயன் உள்ளவை என்றும் வகுத்தார்கள்.

ஆகவே விரிவுரை நடந்த அன்று மாலையே குறிப்பை ஒரு தடவை வாசித்துவிட்டு மூடிவையுங்கள். ஒரு வெற்றுத்தாளில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். கிரெப்ஸ் வட்டம் (கலங்கள் உணவிலிருந்து சக்தி பெறும் தாக்கங்களின் தொடர்) என்றால் வட்டத்தை வரையுங்கள்; வராத இடத்தை வெறுமையாக விடுங்கள். பிறகு குறிப்பைத் திறந்து அந்த வெற்றிடங்களை மட்டும் வேறு நிறத்தில் நிரப்புங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும், அடுத்த வாரம் ஒரு தடவை, கடந்தகால வினாத்தாள் கிடைத்தால் அதை வைத்து இன்னொரு தடவை. முதல் சில நாட்கள் இது மறுவாசிப்பைவிடக் கடினமாகவும் மனம் சோர்விப்பதாகவும் இருக்கும், ஏனென்றால் தெரியாதது தெரியவரும். அந்த நாட்களில் விட்டுவிடாதீர்கள். வேறு நிறத்தில் நிரப்பிய இடம் தாளுக்குத் தாள் குறைவதைக் காணும்போது, முன்பு ஆசிரியரின் சிவப்பு மை செய்த வேலையை உங்கள் தாளே செய்யத் தொடங்கும்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நம் பகுதி மாணவர்களின் களைப்பில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த ஒருவர் புதிய பாடத்தையும் புதிய மொழியையும் ஒரே பக்கத்தில் எதிர்கொள்ளும்போது, மொழியோடு போராடிக் களைத்ததைப் பாடம் விளங்காததாக எண்ணிவிடுகிறார். பிறகு வாக்கியங்களை அப்படியே மனனம் செய்யத் தொடங்குகிறார். இரண்டு வேலைகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். கிரெப்ஸ் வட்டம் ஒட்சிசனை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை. அப்படியிருந்தும் ஒட்சிசன் இல்லாதபோது அது ஏன் நிற்கிறது என்பதை முதலில் தமிழில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். இலத்திரன்களை இறுதியில் ஏற்பதற்கு ஒட்சிசன் இல்லையென்றால் அவற்றைச் சுமந்து செல்லும் மூலக்கூறுகள் சுமை இறக்க முடியாமல் நிறைந்தபடியே நின்றுவிடும். வட்டம் தொடர்ந்து சுழல வெறுமையான சுமப்பிகள் கிடைக்காது. இந்தக் காரணம் தமிழில் தெளிந்துவிட்டால், அதை நான்கு ஆங்கில வாக்கியங்களில் எழுதுவது பயிற்சியால் கைவரும். தெளியாத நிலையில் நாற்பது ஆங்கில வாக்கியங்களை மனனம் செய்தாலும் வினா சற்று மாறியவுடன் கை நின்றுவிடும். தமிழில் யோசிப்பதைத் தரக்குறைவாக நினைக்க வேண்டாம். நீங்கள் ஊருக்குப் போகும் பஸ் கல்முனையைத் தாண்டிக் காரைதீவு வழியாகத்தானே செல்கிறது? 1892இல் அங்கு பிறந்த சுவாமி விபுலாநந்தர், ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே படித்து 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறியிருந்தார். பின்னாளில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியிலும் உழைத்தார். இரண்டு மொழிகளும் அவரிடம் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

குப்பியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மூத்த மாணவர்கள் காசு வாங்காமல் இளையோருக்குப் படிப்பிக்கும் அந்த வழக்கம் நம் பல்கலைக்கழகங்களின் மிக அழகான பண்புகளில் ஒன்று. ஆனால் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு அங்கு போய் அமர்ந்திருப்பவருக்கு இன்னொருவர் யோசித்து முடித்த விடை மட்டுமே கிடைக்கிறது. யோசித்தவர் அதை எடுத்த அக்காதான், அவருக்குத்தான் பாடம் மனத்தில் தங்குகிறது. உங்கள் விடுதியில் இரண்டு தோழிகளைச் சேர்த்து வாரத்தில் ஒரு மாலை, ஆளுக்கொரு தலைப்பாகக் குறிப்பைப் பாராமல் மற்ற இருவருக்கும் விளக்குங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் விளக்க வேண்டும் என்ற சிறு பொறுப்பு, பத்து ஊக்க உரைகளைவிட உங்களை மேசைக்குக் கொண்டுவரும்.

நேரம் குறித்து ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளை முதல் நன்றாகப் படிப்பேன் என்ற தீர்மானத்தைவிட, எங்கே, எப்போது, எதற்குப் பின் என்று குறித்துக்கொண்ட தீர்மானம் கூடுதலாக நிறைவேறுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பின்னேரத் தேநீர் குடித்தவுடன் நூலகத்தில் இன்ன மேசையில் அன்றைய விரிவுரையை எழுதிப் பார்ப்பேன் என்று தாளில் குறித்து வையுங்கள். நாற்பது நிமிடம் போதும், கைத்தொலைபேசி பையில் இருக்கட்டும். மனம் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் கேட்கவே வேண்டாம்.

இத்தனையும் செய்துபார்த்த பிறகும் தூக்கமும் பசியும் குறைந்து, முன்பு விரும்பிய எதிலும் நாட்டமற்றிருந்தால், அது படிப்புமுறை சார்ந்த விடயமாக இருக்காது. தயங்காமல் உங்கள் பீடத்தின் மாணவர் ஆலோசகரையோ ஒரு மருத்துவரையோ சென்று காணுங்கள்.

அப்பாவிடம் சொல்லுங்கள். மறைத்து வைத்திருப்பதற்கே உங்கள் பலத்தில் ஒரு பங்கு செலவாகிறது, மேசையில் மனம் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்த முறை ஊருக்குப் போகும்போது எந்த இரண்டு பாடங்கள், அவற்றை எப்போது மீண்டும் எழுதுகிறீர்கள், அதற்கு வாரத்தில் எந்த நாட்களை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருத்தப்படுவார். ஆனால் மழை பொய்த்தும் வெள்ளம் புகுந்தும் வயல் அழிந்த போகங்களின் பின் மீண்டும் விதைத்தவருக்கு, மீண்டும் எழுதப்போகும் இரண்டு பாடங்களைப் புரிந்துகொள்வது அவ்வளவு கடினமாக இராது. அந்த இரண்டில் உங்களுக்குச் சிறிதாவது பிடித்த பாடத்தில் இருந்து தொடங்குங்கள். எழுதிப் பார்த்த தாள்களில் எந்த இடம் திரும்பத் திரும்ப வெறுமையாகவே இருக்கிறது என்பதை ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.