மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு 4.6, ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு 4.2

வணக்கம் ஐயா,

டிசம்பரில் அண்ணாவின் குடும்பம் டொரொன்டோவிலிருந்து வருகிறது. ஆறு பேர். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இடம் போதாது, அதனால் ஹோட்டல் பார்க்கிறோம். காலி வீதிக்குக் கிட்ட ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டலுக்கு கூகுள் மேப்பில் 4.6 இருக்கிறது, 38 பேர் போட்டிருக்கிறார்கள். கோட்டைப் பக்கம் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு 4.2தான், ஆனால் 5,300 பேர். மச்சாள் போனில் “கூடினதையே போடுங்கோ” என்கிறா. அப்படியென்றால் ஐந்து நட்சத்திரத்துக்கு என்ன அர்த்தம்?

இதோடு பிரிட்ஜும் மாற்ற வேண்டும். கடைக்காரர் ‘ஃபைவ் ஸ்டார்’ என்று ஒன்றைக் காட்டினார். உள்ளே ஃபிரீசர் கதவில் இரண்டே நட்சத்திரம். கேட்டால் “அது டிசைன்” என்கிறார். என் கணவரோ ஒரு ஜப்பான் காரின் பின் கண்ணாடியில் நாலு ஸ்டார் ஒட்டியிருப்பதைப் பார்த்து, நல்ல வண்டி என்று முடிவே கட்டிவிட்டார். எதை நம்புவது?

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்து விதமான நட்சத்திரங்கள் இருக்கின்றன. கொடுத்தவர் வேறு, அளந்த பொருள் வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றை எடைபோட முடியாது. அது டிசைன் என்று கடைக்காரர் சொன்னது மட்டும் சுத்தப் பிழை.

முதலில் ஹோட்டல். வாசலில் போட்டிருக்கும் நட்சத்திரத்தைக் கொடுப்பது, 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. எழுதிவைத்த பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஹோட்டலைப் பார்ப்பார்கள். அறையின் அளவு, குளியலறை, வெந்நீர், எத்தனை உணவகம், வரவேற்பு மேசை எத்தனை மணிவரை, தீப்பாதுகாப்பு என்று பட்டியல் போகும். அந்தப் பட்டியல் கேட்பது ‘இருக்கிறதா’ என்று. காலையில் வைக்கும் முட்டை அப்பம் மொறுமொறு என்றிருக்கிறதா, மேசையில் இருப்பவர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா என்பதெல்லாம் அதில் அகப்படாது. ஒரே உணவகம், நீச்சல் குளம் இல்லாத கூரை என்றிருக்கும் சிறிய ஹோட்டல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஐந்துக்கு ஏறுவது கடினம். அது அந்த ஹோட்டலின் குறையும் இல்லை. பூட்டிக் ஹோட்டல், விருந்தினர் இல்லம், ஹோம்ஸ்டே என்று தனித்தனி வகைகளும் இருக்கின்றன. நட்சத்திரமே இல்லாமல், ஆனால் முறையாகப் பதிவு செய்த ஹோட்டல்களும் உண்டு. பதிவு இருக்கிறதா என்று அதிகாரசபையின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

முன்பதிவுத் தளங்களில் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் நட்சத்திரங்கள் எல்லாமே அதிகாரசபை கொடுத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் ஹோட்டல்காரர் தாமே நிரப்பியது அப்படியே வரும். புக்கிங் தளத்தில் நட்சத்திரத்துக்குப் பதிலாகச் சிறு மஞ்சள் சதுரங்கள் தெரிந்தால், அது வாடகை வீடு, அப்பார்ட்மென்ட் போன்றவற்றுக்கு அந்தத் தளம் தானே போட்ட தரம். ‘ஏழு நட்சத்திரம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டுக் கடந்து போங்கள். அந்தப் பேச்சுக்குக் காரணமான துபாயின் புர்ஜ் அல் அராபே முறைப்படி ஐந்து நட்சத்திரம்தான்.

மேப்பில் உள்ள 4.6 முற்றிலும் வேறு சங்கதி. கொடுத்த காசுக்கு எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதற்கு வந்தவர்கள் போட்ட புள்ளிகளின் சராசரி அது. மூன்று நட்சத்திரத்தில் சுத்தமான விரிப்பும் நல்ல வெந்நீரும் கிடைத்தால் ஆள் சந்தோஷமாக ஐந்து போடுகிறார். ஐந்து நட்சத்திரத்தில் லிஃப்டுக்கு நாலு நிமிடம் நின்றதற்கே மூன்று போடுகிறார். கொழும்பில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பெரிய ஹோட்டல்களுக்கு மேப்பில் புள்ளி போடுகிறவர்களில் எத்தனையோ பேர் அங்கே ஓர் இரவுகூடத் தங்கியிருக்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர், பஃபே சாப்பிட வந்தவர், கார் நிறுத்த இடம் கிடைக்காமல் கொதித்தவர் எல்லோரும் அந்த 5,300க்குள் இருக்கிறார்கள். கூகுள் கணக்கு இருந்தால் யாரும் போடலாம். முன்பதிவுத் தளங்களில் அந்தத் தளம் வழியாக அறை எடுத்தவர்தான் போட முடியும். ஆகவே தங்குவதற்கு இடம் தேடும்போது அந்தத் தளத்தின் புள்ளிக்கே நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன்.

இனி எண்ணிக்கை. 38 பேரின் 4.6ஐயும் 5,300 பேரின் 4.2ஐயும் நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. ஒரு சின்னக் கணக்கு உதவும். இரண்டு ஹோட்டலுக்கும் தலா 50 பேர் 4.0 போட்டதாகக் கற்பனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவதுக்கு 38ஐ 4.6ஆல் பெருக்கினால் 174.8. அதோடு 200ஐக் கூட்டி 88ஆல் வகுத்தால் 4.26 வரும். இரண்டாவது இதே கணக்கில் 4.2இலேயே நிற்கும். 0.4 ஆக இருந்த இடைவெளி 0.06 ஆகிவிட்டது, இரண்டும் ஏறத்தாழ ஒன்று. குறைவான ஆட்கள் போட்ட புள்ளியை ஊர்ச் சராசரியின் பக்கம் இழுத்துப் பிடிக்கும் வழி இது. சினிமாப் படங்களுக்குப் புள்ளி போடும் ஐஎம்டிபி தளமும் தன் முதல் 250 படங்களின் பட்டியலை இந்த முறையில்தான் போடுகிறது. அங்கே சேர்க்கும் கற்பனை வாக்குகள் 25,000.

சராசரிக்குக் கீழே எந்த நட்சத்திரத்துக்கு எத்தனை பேர் என்று காட்டும் பட்டைகளைப் பாருங்கள். 4.2 இரண்டு விதமாக வரலாம். பெரும்பாலோர் நாலும் ஐந்துமாகப் போட்டிருந்தால் எப்போதும் ஒரே சீராக ஓடும் இடம். ஐந்து நிறைய, ஒன்றும் நிறைய, நடுவில் யாருமில்லை என்றிருந்தால் அறைக்கு அறை வித்தியாசம் இருக்கிறது. பழைய கட்டடமும் புதுக் கட்டடமும் ஒட்டியிருக்கும் ஹோட்டல்களில் இப்படி வரும். அங்கே ஹோட்டல் பெயரைவிட எந்தக் கட்டடத்தில் அறை என்பதே முக்கியம்.

வாசிக்கும்போது ‘புதியவை’ என்று வரிசைப்படுத்தி, இரண்டும் மூன்றும் போட்டவர்களை முதலில் வாசியுங்கள். ஒன்று போட்டவர் கோபத்தில் எழுதுவார், ஐந்து போட்டவர் அநேகமாக ஒன்றும் எழுதமாட்டார். நடுவில் நிற்பவர்தான் ‘அறை நல்லம், ஆனால் ரயில் சத்தம்’ என்று காரியமாகச் சொல்வார். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கடலை ஒட்டித்தான் ரயில் பாதை ஓடுகிறது என்பதால் இதைக் கட்டாயம் தேடுங்கள். ஒரே வாரத்தில் வந்து குவிந்த ஐந்துகள், வேறெங்கும் எதுவும் எழுதாத கணக்குகள், ஊழியர் ஒருவரின் பெயரைச் சொல்லி ஒரே அச்சில் வார்த்த பாராட்டுகள் தெரிந்தால், வெளிக்கிடும் நேரம் மேசையில் வைத்துக் கேட்டு வாங்கியவை என்று எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. மைக்கேல் லூக்கா ஹார்வர்டில் இருந்தபோது அமெரிக்காவின் சியாட்டில் உணவகங்களை வைத்துச் செய்த ஆய்வில், வாடிக்கையாளர் புள்ளி போடும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. தனி உணவகங்களுக்குத்தான் இந்த ஏற்றம். பெயர்பெற்ற சங்கிலிக் கடைகளை அது அசைக்கவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் மூன்று நட்சத்திரத்தின் பக்கம்தான் சாய்வேன். அண்ணா குடும்பம் பகலெல்லாம் உங்கள் வீட்டில்தான் இருக்கப் போகிறது, நீச்சல் குளத்துக்கும் நாலு உணவகத்துக்கும் காசு கட்டி என்ன பயன்? ஆனால் பதிவு செய்யுமுன் போன் போட்டுக் கேளுங்கள்: ஆறு பேருக்கு ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்து அறை கிடைக்குமா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா விளக்கு மட்டுமா, சொன்ன விலைக்கு மேல் சேவைக் கட்டணமும் வரியும் தனியாக வருமா. இவற்றை எந்த நட்சத்திரமும் சொல்லாது.

அவர்கள் இங்கே வந்து பிக்மீ, ஊபர் பிடிப்பார்கள் என்பதால் ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களுக்கு ‘பரவாயில்லை, நல்லாத்தான் ஓட்டினார்’ என்றால் நாலு போடும் பழக்கம். ஏறக்குறைய எல்லோரும் ஐந்து போடும் இடத்தில் நாலு என்பது முறைப்பாடு. ஊபரில் ஓட்டுநரின் புள்ளி கடைசி 500 மதிப்பீடுகளின் சராசரி. 4.8இல் இருக்கும் ஒருவருக்கு ஒரு நட்சத்திரம் விழுந்தால், அதைச் சரிக்கட்ட 19 பேர் ஐந்து போட வேண்டும். 4.2இல் இருப்பவருக்கு நாலு பேர் போதும். மேலே போகப்போக ஒரு அடி பலமாக விழும். ஆகவே தெருநெரிசலுக்கு ஓட்டுநரைத் தண்டிக்காதீர்கள்.

இனி பிரிட்ஜ். ஃபிரீசர் கதவில் உள்ள நட்சத்திரம் குளிரின் அளவு. சர்வதேசத் தர விதிப்படி ஒன்று என்றால் உள்ளே −6 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ், இரண்டு என்றால் −12, மூன்று என்றால் −18. நாலாவது, ஒரு பெரிய நட்சத்திரமும் மூன்று சிறியவையுமாக இருக்கும். அதுவும் −18தான், ஆனால் புதிதாக வைக்கும் உணவை உறையவைக்கும் வலுவும் அதற்கு இருக்க வேண்டும். 100 லீட்டர் இடத்துக்கு 24 மணி நேரத்தில் 4.5 கிலோ. மூன்று வரை உள்ளவை, ஏற்கெனவே உறைந்த பொருளை வைத்திருக்கத்தான். இரண்டு நட்சத்திரப் பெட்டியில் ஐஸ்கிறீம் கட்டியாக நிற்காது, உறைந்த இறைச்சியை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. டிசம்பரில் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஐந்து கிலோ அறக்குளா மீனை வாங்கி அதற்குள் திணித்தால், வெளித்துண்டு இறுகும், நடுத்துண்டு மறுநாளும் மெத்தென்றிருக்கும், பக்கத்தில் ஏற்கெனவே இருந்ததும் இளகும். நாலு நட்சத்திர ஃபிரீசர் 60 லீட்டராக இருந்தால்கூட ஒரு நாளைக்கு 2.7 கிலோதான் கணக்கு. துண்டுகளாக வெட்டி, தட்டையாகப் பொதி செய்து, இரண்டு நாளாகப் பிரித்து வையுங்கள்.

பிரிட்ஜின் பின்னால் அல்லது உள்ளே பக்கச்சுவரில் உள்ள தகட்டில் காலநிலை வகுப்பு என்று ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். ‘டி’ என்றால் 43 பாகை வரை, ‘எஸ்டி’ என்றால் 38 வரை, ‘என்’ என்றால் 32 வரை. சுற்றியுள்ள காற்று அந்தச் சூட்டுக்குள் இருந்தால்தான் மேலே சொன்ன குளிருக்கு உத்தரவாதம். கொழும்பில் மதியம் சமையலறை 32ஐச் சுலபமாகத் தாண்டும். ‘என்’ மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

கதவில் ஒட்டியிருக்கும் ‘ஃபைவ் ஸ்டார்’ மின்சாரச் சிக்கனம் பற்றியது. அதில் யாருடைய லேபிள், எந்த ஆண்டு என்று பாருங்கள். இந்தியாவிலிருந்து வருபவற்றில் அந்நாட்டு எரிசக்தித் திறன் பணியகத்தின் லேபிள் இருக்கும். அவர்கள் அட்டவணையை அவ்வப்போது இறுக்குகிறார்கள். ஸ்ப்ளிட் ஏசியில், இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்று காட்டும் திறன் எண் 2018இல் 4.5 இருந்தால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் அதை 5.0 ஆக்கினார்கள். பழைய ஐந்து அன்றே நாலாகிவிட்டது, இயந்திரம் அதேதான். பிரிட்ஜில் இன்னொரு சூட்சுமம்: நட்சத்திரம் கொள்ளளவைப் பொறுத்துப் போடப்படுகிறது, ஐஸ் கட்டும் வகைக்கும் கட்டாத வகைக்கும் வெவ்வேறு அட்டவணை. 450 லீட்டர் ஐந்து நட்சத்திரம் 200 லீட்டர் மூன்று நட்சத்திரத்தைவிடக் கூடக் கரண்ட் இழுக்கலாம். லேபிளில் வருடத்துக்கு இத்தனை அலகு என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதை 12ஆல் வகுத்து உங்கள் கரண்ட் பில்லின் கடைசிப் படி விலையால் பெருக்குங்கள். அதை வைத்து ஒப்பிட்டால் போதும், நட்சத்திரத்தை மறந்துவிடலாம்.

உங்கள் கணவரின் காருக்கு வருவோம். நட்சத்திரம் எத்தனைக்கு எத்தனை என்பதே இடத்துக்கு இடம் மாறும். உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் வழிகாட்டியில் உச்சம் மூன்று. ஒன்று கிடைத்தாலே சமையற்காரர் கொண்டாடுவார். கொன்யாக் பிராந்தியில் மூன்று நட்சத்திரம் என்பது ஆகக் குறைந்த வயது, இரண்டு வருடம். ஜப்பான் காரின் பின் கண்ணாடியில் உள்ள நாலு நட்சத்திரம் புகைக்கு. 2005 தரத்தின்படி ஒட்டியதென்றால், நைதரசன் ஒட்சைட்டு, ஐதரோகாபன் போன்றவை அந்நாட்டின் அந்தத் தர அளவைவிட 75 சதவீதம் குறைவு என்று அர்த்தம். மூன்று என்றால் 50 சதவீதம். அதுவும் தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரிக்கு. இன்று அந்த எஞ்சின் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது. விபத்துப் பாதுகாப்புக்கான நட்சத்திரம் வேறு, அதற்கும் காலாவதி உண்டு: ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் யூரோ என்கேப் 2005இல் ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஃபியட் புன்டோவுக்கு, விதிகள் இறுகிய பின் 2017இல் கிடைத்தது பூச்சியம்.

பாவித்த வண்டிக்கு வேண்டியது ஏலத் தாள், அதாவது ஜப்பானில் ஏலத்தில் விற்கும்போது வண்டியைச் சோதித்து எழுதும் தாள். அதில் மொத்தத் தரம் 4, 4.5 என்று எண்ணாக இருக்கும்; ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அடிபட்டுத் திருத்திய வண்டி. விற்பவர் காட்டும் பிரதியை நம்பி இருந்துவிடாமல், தாளில் உள்ள செசி இலக்கத்தை வண்டியில் பொறித்திருப்பதோடு உங்கள் கணவரே ஒத்துப் பார்க்கட்டும், மைலேஜையும் கூடவே.