அம்மா வீட்டிலிருந்து பலகாரம் விற்கிறார். தொழிலுக்கு மொபைல் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள எந்த வகுப்பில் சேர்க்கலாம்?

வகுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அம்மாவின் வங்கிக் கணக்கில் யாருடைய மொபைல் எண் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்பாவின் எண்ணோ உங்கள் எண்ணோதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் மும்பை தாராவியில் எனக்குத் தெரிந்த பெண்கள் பலருக்கும் அப்படித்தான்.

நான் 90 அடிச் சாலைக்குப் பக்கத்தில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் போட்டு விற்கிறேன். கணக்கு என் பெயரில் இருந்தது. எண் மட்டும் வீட்டுக்காரருடையது. வங்கியில் பதிவான எண்ணின் சிம் போனில் இருந்தால்தான் யுபிஐ செயலி கணக்கைச் சேர்க்கும். அதனால் என் போனில் அது வேலை செய்யவே இல்லை. மகனின் கியூஆர் அட்டையை வாசலில் ஒட்டினோம். அவன் ஒரு ரூபாய் கூட எடுத்ததில்லை, ஆகவே மகனைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் பணம் விழுந்ததா என்று அவனுக்குப் போன் போட்டுக் கேட்கும்வரை வாடிக்கையாளர் வாசலில் நிற்பார். எண்ணெய் டின் வாங்கவும் அவனிடம்தான் கேட்க வேண்டும். அடுப்படியில் வேகிறவள் நான்!

ஆதாரையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர், "வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள்" என்றார். "கணக்கு என்னுடையது, கையெழுத்து என்னுடையது, அவர் எதற்கு?" என்று கேட்டேன். பதில் இல்லை. நேராக மேலாளரிடம் போய் நின்றேன், எண் மாறியது. எல்லா வங்கியிலும் இப்படி என்று நான் சொல்லவில்லை. எனக்கு நடந்தது இது.

அதன் பிறகு கற்றுக்கொடுத்தவர் அடுத்த சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் அக்கா. எனக்கு வந்த ஆர்டர்களை வைத்தே சொல்லிக்கொடுத்தார். "பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, எவனாவது போடச் சொன்னால் போனை வைத்துவிடு. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதே, கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு பொட்டலத்தைக் கொடு" என்றார். தீபாவளி சமயத்தில் ஒருவர் பெரிய ஆர்டர் என்று ஆசை காட்டி, முன்பணம் வர ரகசிய எண்ணைப் போடுங்கள் என்றார். உடனே வைத்துவிட்டேன். மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய அரசு உதவி எண் 1930; அம்மாவின் போனில் பதிந்து வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் எனக்கு அதிகம் உதவுவது குரல் பதிவு. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மராத்திக்காரர்கள். அவர்கள் பேசினால் எனக்குப் புரியும், மராத்தி எழுத்து வாசிக்க வராது. அதனால் பேசி அனுப்பச் சொல்லிவிட்டேன். முறுக்கு பிழியும்போது கையெல்லாம் மாவாக இருக்கும். போனை டப்பாவில் சாய்த்து வைத்து விரல் முட்டியால் தட்டிக் கேட்பேன். சக்லி (முறுக்கை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) அரைக் கிலோ, காரம் குறைவாக என்று சொன்னது அப்படியே இருக்கும். பிறகு காரம் போதவில்லை என்றால் அவர்கள் குரலையே போட்டுக் காட்டலாம். 2018 முதல் வாட்ஸ்அப் பிசினஸ் என்று தனிச் செயலியும் இருக்கிறது. அதில் படமும் விலையும் போட்டு வைக்கலாம். அம்மாவிடம் பட்டன் போன்தான் என்றால் இணையம் இல்லாமலே யுபிஐ பயன்படுத்த 2022-இல் வந்த யுபிஐ 123பே இருக்கிறது.

கேட்காததையும் சொல்கிறேன், மனம் பொறுக்கவில்லை. நான் ஆர்டர் கொண்டுபோகும் ஓர் அடுக்குமாடியில், குடியிருப்பவர்களின் லிஃப்டில் ஏறக்கூடாது என்கிறார்கள். சாமான் ஏற்றும் லிஃப்ட் பழுதானால் டப்பாக்களோடு படி ஏற வேண்டும். என் முறுக்கு அவர்கள் சாப்பாட்டு மேசைக்குப் போகலாம், நான் அவர்கள் லிஃப்டில் போகக்கூடாதா?

எண் மாற்றும் வேலையைப் பண்டிகை ஆர்டர் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் வங்கி வரிசையில் நிற்க அம்மாவுக்கு நேரம் இருக்காது. கூடப் போங்கள், ஆனால் கவுண்டரில் அவரே பேசட்டும்.