தூண்டில் ரொட் கேட்பதற்கு முன் கொப்பியைக் காட்டு: மலையகத்துத் தூண்டில் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். மூங்கில் கம்பிலும் ஒரு முழத் தங்கூசி நூலிலும் தொடங்கி, பதினைந்து வருடமாகக் கொழும்புப் பக்கப் போட்டிகளுக்குப் போய்வருகிறேன். இரண்டு கடைகள் எனக்கு அனுசரணை தந்தன. ஒன்று இன்னும் தருகிறது. மற்றது கைவிட்டுப் போன கதையும் கீழே வரும். அனுசரணை பற்றிச் சின்னப் பிள்ளைகள் பல மாதமாக என்னிடம் கேட்டு வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (நோர்வூட், வயது 16): அண்ணே, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் நாலு கிலோ கெண்டை ஒன்று பிடித்தேன். படத்தை ஜப்பானில் இருக்கிற தூண்டில் நூல் சுற்றுகிற ரீல் செய்யும் பெரிய கம்பனிக்கே அனுப்பினேன். பதிலே இல்லை. என்ன பிழை விட்டேன்?

மீனில் பிழை இல்லை தம்பி, விலாசத்தில்தான் பிழை. ஷிமானோவை எடுத்துக்கொள். 1921இல் சக்காய் நகரத்தில் சைக்கிள் பாகம் செய்யத் தொடங்கிய கம்பனி அது. நோர்வூட்டில் ஒரு பையனுக்கு ரீல் கொடுப்பதா இல்லையா என்று அங்கே யாரும் உட்கார்ந்து யோசிக்கப் போவதில்லை. நம் நாட்டுக்குள் அந்தச் சாமானை இறக்குமதி செய்கிறவர்தான் அதைத் தீர்மானிப்பார். அவருக்கும் கீழே கடைக்காரர் இருக்கிறார். நீ தூண்டில் முள் வாங்குகிற அந்தக் கடையின் முதலாளியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. நாலு கிலோ கெண்டை உனக்குச் சந்தோஷம், சரி. முதலாளிக்கு அதனால் என்ன வந்தது? எந்த நூல், எந்த முள், எந்த இரை என்று நீ சொல்லி, அதைக் கேட்ட நாலு பையன்கள் அவர் கடைக்குப் போய் அதையே கேட்டால் அவருக்கு நீ யாரென்று தெரியவரும்.

எனக்கு முதல் அனுசரணை கிடைத்ததும் அப்படித்தான். ஒரு கடை முதலாளி சின்ன ஸ்பின்னர்களை, அதாவது தண்ணீரில் சுழலும் செயற்கை இரைகளை, ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்துவிட்டுத் திண்டாடிக்கொண்டிருந்தார். நம் ஆட்கள் மண்புழுவையும் மா உருண்டையையும் விட்டு வேறெதையும் தொடமாட்டார்கள். நான் நாலைந்தைக் காசு கொடுத்து வாங்கி மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுமே, அந்தப் பக்கம்தான். ஒரு வாரம் முழுக்கத் திலாப்பியா இழுத்தேன். எந்த நிறம், எத்தனை மணி, எவ்வளவு ஆழம் என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினேன். அந்தக் கொப்பியை மேசையில் வைத்ததும் முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பெட்டி இரண்டு மாதத்தில் காலி. அடுத்த போட்டிக்கு நுழைவுக் கட்டணத்தை அவரே தந்தார். நான் வாய் திறந்து கேட்கவே இல்லை.

கேள்வி (பொகவந்தலாவ): கடிதத்தில் என்ன எழுதுவது? ஆசிரியர் எழுதித் தந்தது மூன்று பக்கம் வந்துவிட்டது.

மூன்று பக்கத்தை யார் வாசிப்பார்? ஒரு பக்கம் போதும். 'சிறு வயது முதலே மீன்பிடியில் தீராத ஆர்வம்' என்ற வரியை முதலில் வெட்டுங்கள். எல்லோருடைய கடிதத்திலும் அது இருக்கிறது. மாதிரி ஒன்று தருகிறேன்:

'ஐயா, நான் இந்தத் தோட்டம், இந்தப் பாடசாலை, வயது இது. கடந்த 14 மாதத்தில் 61 நாள் தூண்டில் போட்டேன். அதில் 23 நாள் வெறுங்கை. இரண்டு போட்டிகளுக்குப் போனேன். ஒன்றில் ஏழாம் இடம், ஒன்றில் இடமில்லை. அடுத்த போட்டிக்கு எனக்குப் பயணச் செலவும் நுழைவுக் கட்டணமுமாக இவ்வளவு தேவை. இதில் பாதியை நானே போடுகிறேன். மீதிக்குப் பதிலாக, உங்கள் கடையில் மாதம் ஒரு சனிக்கிழமை இருந்து புதிதாக வருகிறவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுத் தருவேன். கொப்பியை இணைத்துள்ளேன்.'

வெறுங்கை நாட்களை எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தூண்டில் சாமான் விற்கிறவருக்கு மீன் எத்தனை நாள் ஏமாற்றும் என்று தெரியும். தினமும் பிடித்தேன் என்று எழுதினால் அந்த இடத்திலேயே கடிதத்தை மூடிவிடுவார். பாதியை நான் போடுகிறேன் என்ற வரியும் முக்கியம். அது பத்து ரூபாயாக இருந்தாலும் சரி.

மொழி? ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கடிதமே வேண்டாம், நேரில் போய்ப் பேசுங்கள். கொழும்புக் கடைக்கு ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதி, தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டித் திருத்துங்கள்.

கேள்வி (மஸ்கெலியா): அனுசரணை என்றால் மாதாமாதம் காசு வருமா அண்ணா? யூடியூப்பில் அமெரிக்காக்காரர்கள் சட்டை முழுக்கப் பெயர் போட்டிருக்கிறார்களே.

வராது. அமெரிக்காவில் அது வேறு உலகம். 1967இல் ரே ஸ்காட் என்ற காப்புறுதி விற்பனைக்காரர் ஆர்கன்சாஸில் பீவர் ஏரியில் பாஸ் மீன் போட்டி ஒன்றை நடத்தினார். ஆளுக்கு 100 டொலர் நுழைவுக் கட்டணம். 1971இல் பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற பெரிய பாஸ் போட்டி முதல் தடவை நடந்தபோது வென்றவருக்கு 10,000 டொலர். இன்று அங்கே உயர்நிலைப் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தூண்டில் அணிகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் சட்டையில் இருக்கிற ஒவ்வொரு பெயரும் சம்பளம் தருகிறது என்று நினைக்காதே. பாதிப் பெயர் விலைக்கழிவு மட்டும்தான் தந்திருக்கும். நுழைவுக் கட்டணத்தைக் கைக்காசில் கட்டுகிறவர்கள் அங்கேயும் நிறையப் பேர்.

நம் ஊரில் கிடைக்கக்கூடியதை எளிதிலிருந்து கஷ்டம் வரை சொன்னால்: முதலில் விலைக்கழிவு, அப்புறம் நூல், முள் மாதிரிச் சின்னச் சாமான், அப்புறம் நுழைவுக் கட்டணம், அதற்கு மேல் ரொட், ரீல். காசு கடைசி. என்னைக் கேட்டால் ரொட்டைவிட நுழைவுக் கட்டணமும் பஸ் காசும்தான் நமக்குப் பெரிய உதவி. பழைய ரொட்டோடு போட்டிக்குப் போகலாம். புது ரொட்டை வைத்துக்கொண்டு லயத்தில் உட்கார்ந்து என்ன செய்வது?

கேள்வி (தலவாக்கலை, பெண்பிள்ளை, வயது 15): பெண்பிள்ளைக்கு யார் அனுசரணை தருவார்கள் என்று அண்ணன் சிரிக்கிறான்.

தங்கச்சி, உங்கள் அண்ணனைவிட உங்களுக்குக் கிடைக்கத்தான் வாய்ப்பு அதிகம். தூண்டிலோடு நிற்கிற பையனை எல்லாக் கடைக்காரரும் பார்த்திருக்கிறார். உங்களைப் பார்த்தால் நினைவில் வைத்திருப்பார். ஆனால் தனியாகப் போக வேண்டாம், அம்மாவையோ டீச்சரையோ கூட்டிக்கொண்டு போங்கள். படம் எடுக்க வேண்டும், தனியாக வா என்று யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி (ஹட்டன்): இன்ஸ்டகிராமில் லூர் என்கிற செயற்கை இரை விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பனி 'எங்கள் தூதுவராக உங்களைத் தெரிவு செய்திருக்கிறோம்' என்று எழுதியது. 40 வீதக் கழிவில் முதலில் ஒரு செட் வாங்க வேண்டுமாம்.

அவர்கள் உங்களை வாடிக்கையாளராகத்தான் தெரிவு செய்திருக்கிறார்கள். விடுங்கள்.

கேள்வி (அதே தம்பி): உண்மையிலேயே இலவசமாக அனுப்பினால்?

அப்போதும் ஒன்று கேட்க வேண்டும்: சுங்கவரி யார் கட்டுவது? இலவசம் என்று பொதியில் எழுதியிருந்தாலும் வரி கேட்கப்படலாம். கையில் காசில்லாமல் போனால் பொதி அங்கேயே கிடக்கும். 2022இல் ரூபாய் விழுந்ததிலிருந்து வெளிநாட்டுச் சாமானின் விலையோடு வரியும் ஏறித்தான் நிற்கிறது.

கேள்வி (அக்கரப்பத்தனை): அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை. 'மீன் பிடித்துச் சோறு கிடைக்குமா' என்று ஏசுகிறார்கள். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சையும் இருக்கிறது.

அவர்கள் ஏசுவது நியாயம் தம்பி. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. சுமாரான ரீல் ஒன்றின் விலையை அதால் பிரித்துப் பார், அம்மா எத்தனை நாள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று தெரியும். வீட்டுக் காசில் ரீல் வாங்காதே. கடன் வாங்கியும் வாங்காதே. பரீட்சை முடியும்வரை கொப்பியில் மட்டும் வேலை செய்: ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம், மூங்கில் கம்பு, எழுதி வைப்பது. அப்புறம் முதலாளியிடம் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு கடைக்காரர் மகனிடம் மரியாதையாகப் பேசுவதைப் பார்த்தபின் என் அப்பா ஏசுவதைக் குறைத்தார். நிறுத்தவில்லை, குறைத்தார்.

கேள்வி (நுவரெலியா): கடையொன்று ஒப்பந்தம் தருகிறது. 'எங்கள் சாமான் மட்டும்தான் பாவிக்க வேண்டும்' என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

இங்கேதான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எனது இரண்டாவது அனுசரணையாளரும் இதையே சொன்னார், வாய் வார்த்தையாக. நான் ரொட்டும் ரீலும் என்று விளங்கிக்கொண்டேன். அவர் தலையிலிருந்து கால்வரை என்று நினைத்திருந்தார். ஒரு போட்டி நாளில் நல்ல வெயில். நண்பன் ஒரு தொப்பி தந்தான், போட்டேன். அதில் வேறொரு கடையின் பெயர். அன்றைக்குத்தான் நான் மூன்றாம் இடம் வந்தேன், படமும் எல்லா இடமும் சுற்றியது. திங்கட்கிழமை போன் வந்தது. ரொட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வந்தேன். அவர் மேல் கோபம் இருந்தது, இப்போது இல்லை. ஆனால் ஒரு வரி எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் அந்தத் திங்கட்கிழமை வந்திருக்காது.

ஆகவே 'மட்டும்' என்ற சொல் எந்தெந்தச் சாமானுக்கு என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எத்தனை மாதம் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் படத்தை அவர்கள் எவ்வளவு காலம் பாவிக்கலாம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் பாவிக்கலாமா, சாமானைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, இதெல்லாம் கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் அதுவே உங்களுக்குப் பதில். 18 வயது ஆகவில்லையென்றால் நீங்கள் தனியாகக் கையெழுத்துப் போடவே வேண்டாம், அப்பாவோ அம்மாவோ வாசித்துப் பார்த்துப் போடட்டும். ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும்.

கேள்வி (பட்டிப்பொல): ஹோர்ட்டன் சமவெளி ஓடையில் ட்ரவுட் மீன் பிடித்து வீடியோ போட்டால் அனுசரணையாளர் கண்ணில் படுமே?

வனஜீவராசிகள் திணைக்களத்தின் கண்ணிலும் படும். 1988 முதல் அது தேசிய பூங்கா. வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்ட மீன்தானே என்று வாதாட முடியாது. நீர்த்தேக்கங்களிலும் எங்கே தூண்டில் போடலாம், எங்கே கூடாது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அணைக்கட்டுக்குக் கீழே, வான்கதவுப் பக்கம் நின்று எடுத்த வீடியோ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மழைக்காலத்தில் கதவு திறந்தால் ஆற்றில் நிற்கிறவனுக்கு ஓட நேரம் இருக்காது. அப்படிப்பட்ட வீடியோவின் கீழே தன் பெயர் வருவதை எந்த முதலாளியும் விரும்பமாட்டார். உயிர்காப்பு அங்கியோடு வள்ளத்தில் இருக்கிற சாதாரணப் படம் அதைவிட வேலை செய்யும்.

கேள்வி (கொட்டகலை, வயது 13): இங்கே போட்டியே இல்லையே. நான் எதை வைத்துக் கேட்பது?

உன் வயதுக்கு ஒரு வழி இருக்கிறது. ஐ.ஜி.எஃப்.ஏ என்று 1939இல் தொடங்கிய சர்வதேசத் தூண்டில் மீன்பிடிச் சங்கம் உலகச் சாதனைகளைப் பதிகிறது. 11 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுவேறாக. உடனே சாதனை செய் என்று சொல்லவில்லை. மீனை எப்படி அளப்பது, எப்படி நிறுப்பது, எப்படிப் படமெடுப்பது என்ற அவர்களுடைய விதிகளைப் படித்து, அதே மாதிரி உன் மீன்களை அளந்து கொப்பியில் ஏற்று. 'பெரிய மீன்' என்று கையை விரித்துக் காட்டுகிற பையனுக்கும், 43 சென்றிமீற்றர் என்று அளவுப் பலகையோடு படம் காட்டுகிற பையனுக்கும் உள்ள வித்தியாசம் கடைக்காரருக்குத் தெரியும்.

கடையை விட்டால் விடுதிக்காரர்களையும் யோசி. காசல்ரீ ஓரத்தில் பழைய துரை பங்களாக்கள் எத்தனை இப்போது வெள்ளைக்காரப் பயணிகள் தங்குகிற இடமாகிவிட்டன! எங்கே எப்போது மீன் கடிக்கும் என்று அந்த விருந்தினர்களுக்குச் சொல்ல அவர்களுக்கு ஆள் தேவை. நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் வருகிறது, மார்ச்சிலேயே பெரியவர் ஒருவரோடு போய்க் கேள்.

கேள்வி (லிந்துலை): கடை தந்த ரொட்டின் நுனி உடைந்துவிட்டது. கதவில் நசுங்கியது. மீன் இழுத்து உடைந்தது என்று சொல்லலாமா?

கதவில் நசுங்கினால் எப்படி உடையும் என்று அவருக்குத் தெரியும். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், இன்றைக்காவது சொல்லுங்கள்.

கேள்வி (டிக்கோயா): முதலாளியைப் பார்க்க எந்த நாள் நல்லது?

நம்ம ஊர்ப் பையன்! சம்பளம் போடுகிற 10ஆம் திகதியை ஒட்டிய சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், கடையில் கால் வைக்க இடமிருக்காது. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் அப்படித்தான். மாதக் கடைசியில் ஒரு செவ்வாய், புதன், பின்னேரம் மூன்று மணி, வெளியில் மழை பெய்தால் இன்னும் நல்லது. வேறு ஆள் வராது, பிளேன்டீயும் கிடைக்கும். கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போ.