மோசெல் வேறு, பட்டிப்பளை வேறு

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வந்த மச்சான் மோசெல் ஆற்றுப் பள்ளத்தாக்கின் படங்களைக் காட்டினார். மலைச்சரிவெல்லாம் திராட்சை, ஊருக்கு ஊர் வைன். நமக்கும் இங்கே கிழக்கிலங்கையில் பட்டிப்பளை ஆறு இருக்கிறதே! நெல்லைத் தவிர வேறெதையும் நம்மவர்கள் நினைக்காததற்குச் சோம்பல்தானே காரணம்? (வாசகர், காரைதீவு)

பதில்: முதலில் அந்தச் 'சோம்பல்' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

மோசெல் பிரான்சின் வோஜ் மலைகளில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையோரமாக வந்து, கோப்லென்ஸில் ரைனோடு சேர்கிறது. நம்மைவிட வெகு வடக்கே, ஏறக்குறைய 50 பாகையில் இருக்கிறது. அந்தக் குளிரில் திராட்சை பழுப்பதே பெரும்பாடு. ஆறு பாம்பாக வளைவதால் சில சரிவுகள் தெற்கு பார்த்து நிற்கின்றன. வெயில் முழுக்க அவற்றுக்குத்தான். தரையோ சிலேட்டுக் கல். பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் கொடிக்கு விடும். தாமதமாகப் பழுக்கும் ரீஸ்லிங் திராட்சை அங்கே தேறுவது இதனால்தான். பிரெம் ஊருக்குப் பக்கத்துக் கால்மோன்ட் சரிவில் சில இடங்கள் 60 பாகையையும் தாண்டும். டிராக்டர் ஏறாது. கொடிக்கொரு கம்பு நட்டு, பழத்தைக் கையால் கொய்து இறக்குகிறார்கள். பிறகு பனிக்காலம், கொடி உறங்கும்.

சரி, நம் பக்கம் வருவோம். அணைக்கட்டு இருக்கும் இங்கினியாகலையைத் தாண்டியதும் பட்டிப்பளைக்கு ஏது சரிவு? சம்மாந்துறை வயல் வட்டைகளில் மாரியில் கால் வைத்துப் பாருங்கள், முழங்கால்வரை சேறு. நெல்லுக்கு அது வரம், திராட்சை வேருக்கு அழுகல். கொடி உறங்கக் குளிரும் கிடையாது. யாழ்ப்பாணத்தில் கவாத்து செய்து காய்க்க வைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அது வடிகால் உள்ள செம்மண், விளைவதும் தின்னும் பழம்.

இந்த ஆற்றில் உழைப்பு சரிவில் ஏறுவதில் இல்லை, தண்ணீரைப் பங்கிடுவதில் இருக்கிறது. இதே ஆற்றுக்குச் சிங்களத்தில் கல்லோயா என்று பெயர்; 1949இல் தொடங்கிய கல்லோயாப் பாசனத் திட்டத்தில் கடைமடைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1981 சிறுபோகத்தில் அதன் நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அப்போது இடதுகரை விவசாயிகள் கூடிப் பேசி வாய்க்கால்களைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்தார்கள். மேல்மடைக்காரர்கள் தங்கள் பங்கில் மிச்சம் பிடித்துக் கீழே விட்டார்கள். தன் வயல் வெடித்துக் கிடக்கும் நேரத்தில் மடையை அடைப்பது எவ்வளவு கடினம் என்று வேளாண்மை செய்தவர்களிடம் கேளுங்கள். அந்த மனிதர்களைத்தான் நீங்கள் சோம்பேறி என்கிறீர்கள்.