லுண்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: மேக்ஸ் வான் சிடோவை எந்தப் படத்தில் தொடங்குவது?

தம்பி, ஸ்வீடனின் லுண்டு நகரில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருப்பதாகவும், காபி இடைவேளையில் எல்லோரும் நடிகர் மேக்ஸ் வான் சிடோவைப் பற்றிப் பேச, 'எக்ஸார்சிஸ்ட்' பேய்ப் படத்தில் வரும் பாதிரியார் என்பதைத் தாண்டி உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த ஊர் மனிதர்களைப் புரிந்துகொள்ள அவர் படங்கள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே உதவும்.

முதல் விஷயம், அவர் உங்கள் ஊர்க்காரர். 1929இல் லுண்டில் பிறந்தவர். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ந்த பேராசிரியர். மகன் 1949இல் முதல் படத்தில் தலைகாட்டினார். 2015இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வந்தபோது வயது 86.

எல்லோரும் உங்களை 'ஏழாவது முத்திரை'யில் (1957) தொடங்கச் சொல்வார்கள். சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வீரன் கடற்கரையில் மரணத்தோடு சதுரங்கம் ஆடும் படம், இயக்கியவர் ஸ்வீடனின் இங்மார் பெர்க்மன். அதில் நடித்தபோது அவருக்கு 27 வயதுதான், முகத்திலோ ஒரு ஆயுளின் களைப்பு. மகத்தான படம், சந்தேகமே இல்லை. ஆனாலும் ஊருக்குப் புதிதாக, தனி அறையில், முதல் நவம்பர் இருட்டில் பார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.

நீங்கள் 'பெல்லே' படத்தில் தொடங்குங்கள். 1987இல் பில்லே ஆகுஸ்ட் எடுத்த டேனிஷ் படம், கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனை வாங்கியது. பிழைக்க வழியில்லாத ஸ்வீடன் கிழவர் லாஸே, தாயில்லாத சின்ன மகன் பெல்லேயைக் கூட்டிக்கொண்டு டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவுக்குக் கப்பலேறுகிறார். அங்கே பிள்ளைகள் வேலை செய்ய வேண்டாம், நாளெல்லாம் விளையாடலாம் என்று வழியெல்லாம் ஆசை காட்டுகிறார். துறைமுகத்தில் இறங்கினால், பண்ணைக்காரர்கள் வந்து ஆளைப் பார்த்துப் பார்த்துக் கழிக்கிறார்கள். இவருக்கு வயது அதிகம், பையனுக்கு வயது பற்றாது. கூட்டம் கலைந்து போகும்போது வான் சிடோவின் தோள்களைக் கவனியுங்கள். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகிறார். மகன் பார்க்கிறானே என்று சட்டென்று முகத்தை மாற்றிக்கொள்வதும் தெரியும். பிறகு பண்ணையில் ஒருவன் பையனை அவமானப்படுத்தும்போது, அவனை உண்டு இல்லை என்று ஆக்குவேன் என்று கிளம்பிப்போய், ஆளை நேரில் கண்டதும் பம்மிவிடுகிறார். கோழைத்தனத்தை இவ்வளவு அன்போடு நடித்துக் காட்டிய வேறொருவரை நான் பார்த்ததில்லை. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, விருது கிடைக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

அடுத்தது 'குடிபெயர்ந்தோர்' (1971), அதன் தொடர்ச்சியான 'புதிய நிலம்' (1972), இரண்டும் யான் ட்ரூயல் இயக்கியவை. தென் ஸ்வீடனின் ஸ்மோலாந்தில் கல் பொறுக்கியே ஓய்ந்துபோகும் விவசாயி கார்ல் ஆஸ்கர், மனைவி மக்களோடு அமெரிக்காவின் மினசோட்டாவுக்குப் போகிறான். ஒரு பனிப்புயலில் மகன் விறைத்துச் சாகப்போகிறான் என்றதும், வண்டி மாட்டைக் கொன்று அதன் வயிற்றுக்குள் பிள்ளையை வைத்துக் காப்பாற்றுகிறான். அழுகையோ கூச்சலோ கிடையாது, கைதான் வேலை செய்கிறது. நீங்கள் இங்கே பேசாத மனிதர்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்களே, அவர்கள் பாசத்தை எப்படிக் காட்டுவார்கள் என்பது அந்தக் கையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் இப்படி அமெரிக்காவுக்குப் போனார்கள். உங்களோடு காபி குடிப்பவர்களில் பலருடைய வீட்டிலும் அந்தக் கதை இருக்கும். கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக வரும்.

'எக்ஸார்சிஸ்ட்' (1973) நடித்தபோது அவர் நாற்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார், கிழவராக்கியது ஒப்பனை. கடைசியில் அவரும் புலம்பெயர்ந்தவர்தான்: 2002இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார், 2020 மார்ச்சில் பிரான்சிலேயே 90 வயதில் காலமானார்.

சரி, எங்கே பார்ப்பது? முதலில் நூலக அட்டை வாங்குங்கள், அதற்குக் காசு இல்லை. இங்கே பல ஊர்களில் அந்த அட்டையை வைத்தே சினியஸ்தெர்னா தளத்தில் படம் பார்க்கலாம். லுண்டு நூலகத்தில் விசாரித்து, அப்படியே குறுந்தகடுகளும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது துணையெழுத்தை ஸ்வீடிஷில் வைத்துக்கொள்ளுங்கள். கோடை வந்ததும் யூஸ்தாட் துறைமுகத்திலிருந்து போர்ன்ஹோல்முக்குப் படகு ஏறுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.