பண்ணையோடு நிலம்: முதலில் கிணற்றைப் பாருங்கள்

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் மூன்று ஏக்கர், கொட்டகை, ஆறு கறவை மாடுகள், புல் வெட்டும் இயந்திரம், பால் கேன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறார்கள், முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது கொடுக்காதீர்கள்.

கிணறு கூட்டுக் கிணறா? பத்திரத்தில் உங்கள் பங்கு எவ்வளவு, தண்ணீர் முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை, மின் இணைப்பு யார் பெயரில் என்பதை எழுத்தில் பாருங்கள். வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய நான் இரண்டு கோடை முழுக்கப் புல்லை விலைக்கு வாங்கினேன். ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு 25 கிலோ பசுந்தீவனம் என்றால் ஆறுக்கு 150 கிலோ. தண்ணீர் இல்லாமல் அது எங்கிருந்து வரும்? வில்லங்கச் சான்று, பட்டா, வண்டிப்பாதை ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

மாடுகளுக்குத் தனியாக விலை பேசுங்கள். மாலைக் கறவைக்கும் மறுநாள் காலைக் கறவைக்கும் நீங்களே கூட நில்லுங்கள். மாலையில் கறக்காமல் விட்டுக் காலையில் பெருத்த மடியைக் காட்டுவது பழைய தந்திரம். முதல் பீச்சில் பால் திரிதிரியாக வந்தால் மடிநோய், அந்த மாடு வேண்டாம். கேன்களும் வாளிகளும் பழைய பாத்திர விலைக்குத்தான். புல் வெட்டும் இயந்திரத்தை மட்டும் ஒரு கட்டுப் புல் போட்டு ஓட்டிப் பாருங்கள்.